முன்பக்கம் செங்கல், பின்பக்கம் பாறை: நாட்டிங்காமில் நான்கு நாட்கள்

2008 ஆகஸ்ட் 22, வெள்ளி

நாட்டிங்காம் என்ற பெயரை நான் முதலில் படித்தது புத்தகத்தில் அல்ல, சைக்கிளில். தாத்தாவின் ராலி சைக்கிளில், ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு தகடு. நடுவில் நாரையின் தலை, சுற்றிலும் ஆங்கிலத்தில் ராலி, நாட்டிங்காம், இங்கிலாந்து. புதுக்கோட்டைப் பக்கத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் தாத்தா. அந்த சைக்கிளை யாரிடமிருந்தோ பழையதாக வாங்கியதாகச் சொல்வார்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்தத் தகட்டைப் புளி போட்டுத் தேய்ப்பது என் வேலை. எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வெளிநாட்டு ஊர்ப்பெயரும் அதுதான். லண்டன் எல்லாம் பிறகுதான் வந்தது.

அதனால், அலுவலக வேலையாக லண்டன் வந்த இடத்தில் நான்கு நாள் விடுப்பு கிடைத்ததும், கூட வந்தவர்கள் பாரிஸ் போக, நான் செயின்ட் பாங்க்ரஸில் நாட்டிங்காம் ரயிலில் ஏறிவிட்டேன். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜன்னலோர இருக்கை கிடைத்தும் பாதி வழி தூங்கினேன்.

கல்லூரித் தோழர் ஒருவர் இங்கே மனைவி, மகளோடு எட்டு ஆண்டுகளாக இருக்கிறார். ஒன்பது வயது மகளை அழைத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கே வந்துவிட்டார். பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு மாலையில் டிராமில் ஊருக்குள் வந்தோம். நகர மன்றக் கட்டடத்தின் வாசலில் இரண்டு கல் சிங்கங்கள். ‘இடப்பக்கச் சிங்கத்துக்கிட்டே சந்திப்போம்’ என்றால் நாட்டிங்காம்காரர்கள் அனைவருக்கும் இடம் புரியுமாம். எங்கள் ஊரில் அரச மரத்தடி மாதிரி.

இந்த ஊருக்குப் பழைய பெயர் ஸ்னாட்டிங்காகாம். ஸ்னாட் என்ற தலைவனின் கூட்டத்தார் குடியேறிய இடம் என்று பொருள். பிரான்சிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்த பிறகு முன்னால் இருந்த ‘ஸ்’ உதிர்ந்துவிட்டது. ‘ஸ்னாட்’ என்றால் இன்றைய ஆங்கிலத்தில் மூக்குச்சளி. தோழரின் மகள் இதை என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஒரு டிராம் நிறுத்தம் தாண்டிவிட்டது. அதைவிடப் பழைய இன்னொரு பெயரும் உண்டு. ஆல்ஃபிரட் மன்னரின் வரலாற்றை எழுதிய அஸ்ஸர் என்ற வேல்ஸ் துறவி, 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரித்தானிய மொழியில், அதாவது பழைய வெல்ஷில், இந்த ஊரை ‘டிக்குவோகோபவுக்’ என்று அழைப்பார்கள் என்று குறித்திருக்கிறார். குகைகளின் வீடு என்று பொருள். அப்போதே குகைக்குப் பெயர்போன ஊர் என்றால், முதல் குகையை எவன் எப்போது தோண்டத் தொடங்கியிருப்பான்?

கோட்டைப் பாறையின் அடிவாரத்துக்கு வந்தபோது அருங்காட்சியகம் மூடியிருந்தது. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தோம். நாற்பது மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தான மஞ்சள் பாறை. அதன் காலடியில், முதுகைப் பாறையில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவிகளைப் போல ஐந்து சிவப்புச் செங்கல் வீடுகள். ப்ரூஹவுஸ் யார்டு என்பது இடத்தின் பெயர். கோட்டைக்கு வேண்டிய பீரைக் காய்ச்சிய வளாகம். நாளைக்கு இங்கேதான்.

பக்கத்திலேயே ஒரு மதுக்கடை, ‘யீ ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலேம்’. வெளிச்சுவரில் பெரிய எழுத்தில் 1189 என்று எழுதியிருக்கிறார்கள். ரிச்சர்ட் மன்னர் முடிசூடிய ஆண்டு அது. சிலுவைப் போருக்குப் போகும் வழியில் வீரர்கள் இங்கே தாகம் தீர்த்துக்கொண்டார்கள் என்று கதை. இப்போது நிற்கும் கட்டடம் 17-ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதல்ல. இங்கிலாந்திலேயே பழைய மதுக்கடை நாங்கள்தான் என்று இதே ஊரில் இன்னும் இரண்டு கடைகள் வழக்காடிக்கொண்டிருக்கின்றன என்பதைத் தோழர் ரகசியம் போலச் சொன்னார். கடையின் பின் அறைகள் பாறைக்குள்ளே இருக்கின்றன. மேல்மாடியில் கூரையும் சுவரும் பாறைதான். நான் குடிப்பதில்லை. எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் கோப்பைக்குள் என்னவோ விழுந்தது. மேலே பார்த்தேன். மணல். கூரை உதிர்கிறது! பக்கத்து மேசைக்காரர் தன் கோப்பையின் மேல் அட்டையை மூடி வைத்திருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அந்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைப் பாய்மரக் கப்பல் இருக்கிறது. பல பத்தாண்டுத் தூசி அப்படியே. துடைத்தவர்கள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள் என்பதால் யாரும் தொடுவதில்லையாம். தூசி தட்டச் சோம்பல்பட்ட எவரோ கட்டிய கதை என்பது என் கணிப்பு. எங்கள் வீட்டுப் பரணுக்கும் இப்படி ஒரு கதை தேவைப்படுகிறது.


ஆகஸ்ட் 23, சனி

இன்று முழுவதும் அந்த ஐந்து வீடுகள்தான். காலை உள்ளே போனவன் மதியச் சாப்பாட்டை மறந்தேன். தோழருக்கு மருத்துவமனையில் பணி. மகளை என்னோடு அனுப்பியிருந்தார். அவள் பள்ளியிலிருந்து ஏற்கெனவே வந்திருக்கிறாள் என்பதால் எனக்கு வழிகாட்டி அவள்தான். “மாமா, முதலில் அடுப்பங்கரை” என்று உத்தரவு.

வீடுகள் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. நகராட்சி இவற்றை அருங்காட்சியகமாக்கித் திறந்தது 1977-இல். மன்னர்களின் வாளையும் கிரீடத்தையும் இங்கே தேடக் கூடாது. கடந்த முந்நூறு ஆண்டுகளில் இந்த ஊர்ச் சாதாரண ஜனங்கள் எதில் சமைத்தார்கள், எதில் துவைத்தார்கள், பிள்ளைகள் எதை வைத்து விளையாடினார்கள் என்பதுதான் காட்சிப்பொருள். அறைகள் அறைகளாகவே இருக்கின்றன. குறுகிய மரப்படி, தலை இடிக்கும் நிலை, சாய்ந்த தரை. ஏறி இறங்கும்போது வேறொருவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்துவிட்ட கூச்சம் வருகிறது.

விக்டோரியா காலத்துச் சமையலறை. சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கும் கருப்பு இரும்பு அடுப்பு. ஒரே நெருப்பில் ஒரு பக்கம் ரொட்டி வேகும், ஒரு பக்கம் வெந்நீர் கொதிக்கும். அதைத் தினம் கருப்பு மெழுகு போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். துணியை வேக வைக்கும் கொப்பரையும், இரண்டு மர உருளைகளுக்கு நடுவே ஈரத் துணியைக் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றிப் பிழியும் இயந்திரமும் அக்காலப் பெண்களின் திங்கட்கிழமையைத் தின்றவை. நம்முடைய வெள்ளாவிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பிழிவதற்கு இயந்திரம் வந்துவிட்டது என்பதைத் தவிர. கைப்பிடியைப் பார்த்த சிறுமி, “இது ஐபாட் சக்கரமா?” என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள் என்று நம்ப விரும்புகிறேன்.

அடுத்து இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்துக் கடைத்தெரு. கண்ணாடிக்குப் பின்னால் தகர டப்பாக்கள், சோப்புக் கட்டிகள், மருந்துப் புட்டிகள், பொம்மைகள். சிகரெட்டுக்குப் பிளேயர்ஸ், மருந்துக்குப் பூட்ஸ், சைக்கிளுக்கு ராலி. மூன்றும் பிறந்த ஊர் இது. உலகத்துக்குச் சிகரெட்டும் விற்று, அதன் இருமலுக்கு மருந்தும் விற்று, மூச்சு திரும்ப சைக்கிளும் விற்றிருக்கிறது என்று சொன்னேன். சிறுமிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் நான் வந்தது வேறொன்றுக்கு. ஒரு வீட்டில் முன்னறை முழுக்கச் செங்கல். சுண்ணாம்புப் பூச்சு, ஜன்னல், மரத்தூலம். அதிலிருந்து பின்னால் நடந்தால் சுவரில் செங்கல் சட்டென்று நின்றுவிடுகிறது. அந்த இடத்திலிருந்து பாறை. வாசலுக்கு நிலை இருக்கிறது, தாண்டினால் குகை. கட்டிய கொத்தனார் எங்கே நிறுத்தினான், தோண்டியவன் எங்கே தொடங்கினான் என்பதை விரல் வைத்துக் காட்ட முடிகிறது. நான் வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் வெதுவெதுப்பு, பின்பக்கம் ஜில்லென்று. விரலை எடுத்தால் நுனியில் மாவு போல மணல்.

பாறை என்றாலே எனக்குச் சித்தன்னவாசலின் கருங்கல்தான் நினைவுக்கு வரும். உளியை எகிறவைக்கும் கல். அதைக் குடைந்தவர்கள் தலைமுறைக் கணக்கில் வேலை செய்திருப்பார்கள். இது அப்படியல்ல. இருபத்துநான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பெரிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல், இறுகிக் கல்லாகியிருக்கிறது. சுவரில் அங்கங்கே ஆற்றுக் கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன, பொரிவிளங்காய் உருண்டையில் கடலைப் பருப்பு போல. கடப்பாரையும் கொத்துக்கருவியும் இருந்தால் ஒரு வீட்டுக்காரன் தானே ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம். அதே சமயம், முட்டுக்கொடுக்காமலே கூரை நிற்கிறது. இந்த இரண்டு குணமும் ஒரே கல்லில் அமைந்ததால்தான் இந்த ஊரில் மனிதன் எலியாகிவிட்டான். பதிவுசெய்யப்பட்ட குகைகள் மட்டும் 400-க்கு மேல். அத்தனையும் மனிதன் தோண்டியவை. இயற்கைக் குகை ஒன்றுகூட இல்லை.

எதற்கெல்லாம் தோண்டினார்கள் என்று கேட்டால் பதில் நீளும். பீர் வைக்க. வெயிலுக்கும் பனிக்கும் உள்ளே ஒரே குளிர், ஏறத்தாழ 14 பாகை செல்சியஸ். முளைகட்டிய வாற்கோதுமையை உலர்த்தும் சூளைகளைக்கூடப் பாறைக்குள்ளேயே வெட்டியிருக்கிறார்கள். நாட்டிங்காம் பீரின் பழைய புகழுக்குக் குகைதான் பாதிக் காரணம். இறைச்சி கெடாமல் வைக்க. தோல் பதனிட. குடியிருக்க. மணலுக்காகவே தோண்டியதும் உண்டு. மான்ஸ்ஃபீல்ட் சாலைப் பக்கம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒருவர் சுரங்கம் வைத்து மணல் எடுத்திருக்கிறார். வீட்டுத் தரையில் பரப்ப மக்கள் அதை வாங்கினார்கள். நாம் சாணம் மெழுகிய மாதிரி. அறையும் கிடைத்தது, அறையிலிருந்து வெட்டி எடுத்ததும் விலைபோனது. 1784-லிருந்து 1850 வரை செங்கலுக்கு வரி போட்ட நாடு இது. வெட்டவெளியை எப்படி எண்ணி வரி போடுவது என்று வசூல்காரர் இங்கே வந்து தலையைச் சொறிந்திருப்பார்.

ப்ரூஹவுஸ் யார்டுக்கு இன்னொரு விசேஷம். கோட்டையைச் சேர்ந்த நிலம் என்பதால் இது நகரத்தின் அதிகாரத்துக்கும் வெளியே, எந்தத் தேவாலயப் பங்குக்கும் வெளியே இருந்தது. ஊர் நடுவில் இருந்தும் ஊருக்குச் சேராத ஒரு துண்டு. பக்கத்திலேயே லீன் ஆறு. தண்ணீருக்குக் குறைவில்லை, கேட்பார் யாருமில்லை. இப்படிப்பட்ட இடத்தில் எப்படிப்பட்டவர்கள் குடியேறியிருப்பார்கள் என்பதை நம் ஊர்க் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லீன் ஆற்றை இப்போது இங்கே காண முடியவில்லை. சாலையும் கால்வாயும்தான்.

கடைசிக் குகையைப் போர்க்காலப் பதுங்கிடமாக அமைத்திருக்கிறார்கள். பெஞ்சு, வாளி, விளக்கு. வாசலில் ஒரு முதிய காவலர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, “வா, என் வாத்தே” என்றார். திடுக்கிட்டேன். சிறுமிதான் விளக்கினாள். இந்த ஊரில் ஆண், பெண், அறிந்தவர், அறியாதவர் எல்லோரும் வாத்துதானாம். நம் ‘கண்ணு’ போல. தன் தாயார் 1941 மே மாதம் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட இரவில் இப்படி ஒரு குகைக்குள்தான் இருந்தார் என்று அவர் சொன்னார். அந்த இரவில் ஊர் தீப்பிடித்தது. குகை இருந்ததால் பிழைத்தவர்கள் ஏராளம். வேறு ஊர்களில் பதுங்குகுழி வெட்டச் சிமென்டுக்கு அலைந்தார்கள், இங்கே பீப்பாய்களை நகர்த்தினால் போதுமாக இருந்திருக்கிறது.

“உங்கள் அம்மா பயந்தாரா?” என்று சிறுமி கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “குண்டுக்கு இல்லை. அந்த வாடைக்குத்தான். இருநூறு பேர், ஒரு வாளி.”

திரும்பி வரும் வழியில் அவள், “மாமா, நீங்கள் ஏன் சுவரைத் தடவிக்கொண்டே வந்தீர்கள்? தொடக் கூடாது என்று எழுதியிருந்தது” என்றாள். நான் பார்க்கவில்லை. உண்மையாகவே பார்க்கவில்லை.


ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று பாறையின் உச்சி. கோட்டை என்று பெயரே தவிர, கோட்டை இல்லை. 1068-இல் வில்லியம் மன்னர் கட்டத் தொடங்கியது 1651-இல் இடிக்கப்பட்டுவிட்டது. நாடாளுமன்றத்துக்கு எதிரான உள்நாட்டுப் போருக்காக மன்னர் முதலாம் சார்லஸ் கொடியேற்றியது இந்தக் கோட்டைக்கு அருகேதான், 1642 ஆகஸ்ட் 22. நான் வந்து இறங்கிய அதே தேதி. கொடி காற்றில் சாய்ந்துவிட்டதாம், அபசகுனம் என்றார்களாம். ஏழு ஆண்டில் அவர் தலை போனது. பிறகு ஒரு டியூக் அங்கே மாளிகை கட்டினார். வாக்குரிமைச் சீர்திருத்தத்துக்குப் பிரபுக்கள் குறுக்கே நின்றதால் 1831-இல் மக்கள் அந்த மாளிகையைக் கொளுத்தினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூரையில்லாமல் நின்றதை நகராட்சி சீர்செய்து 1878-இல் அருங்காட்சியகமாக்கியது. படங்கள், பாண்டங்கள், சரிகைப் பின்னல்கள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் கால் கடுத்தது. நேற்று எட்டு மணி நேரம் நின்றபோது கடுக்காத கால்.

வாசலில் ராபின் ஹூட் சிலை, 1952-இல் வைத்தது. அவர் அம்பை அடிக்கடி திருடிக்கொண்டு போய்விடுவார்களாம். திருடனுக்குச் சிலை வைத்தால் வேறென்ன நடக்கும்.

மதியம் மார்ட்டிமரின் பொந்து. கோட்டை மேலிருந்து பாறைக்குள்ளேயே படி வெட்டிக் கீழே இறக்கும் சுரங்கம். ஏறத்தாழ நூறு மீட்டர் நீளம், முந்நூறு படிகளுக்கு மேல். வழிகாட்டியோடுதான் விடுவார்கள். படிகள் தேய்ந்து சரிவாகிவிட்டன, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். நடுநடுவே பாறையில் ஜன்னல் போல வெட்டிய துளைகள். அதன் வழியே ஊர் வெளிச்சமாகத் தெரிந்து மறையும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், அந்த இருட்டில் கேட்க வேண்டும். இரண்டாம் எட்வர்டைப் பதவியிறக்கிவிட்டு ராணி இசபெல்லாவும் அவள் காதலன் ரோஜர் மார்ட்டிமரும் நாட்டை ஆண்டார்கள். மகன் மூன்றாம் எட்வர்ட் பெயருக்கு மன்னர். 1330 அக்டோபரில் எல்லோரும் இந்தக் கோட்டையில் தங்கியிருந்தபோது, பதினேழு வயது மன்னரின் ஆட்கள் ஒரு ரகசியச் சுரங்கம் வழியாக இரவில் ஏறி மார்ட்டிமரைப் பிடித்தார்கள். மகனே, அவரை விட்டுவிடு என்று ராணி கதறியதாகச் சொல்கிறார்கள். நவம்பரில் லண்டனில் டைபர்னில் தூக்கு. அவர்கள் ஏறிய வழி இதுதானா, பாறையில் உள்ள வேறொரு சுரங்கமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வழிகாட்டி அதையும் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மார்ட்டிமரின் ஆவி நடமாடுவதை மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னார்.

சுரங்கம் முடியும் இடத்தில் ஒரு கதவு. திறந்தால், ப்ரூஹவுஸ் யார்டு! நேற்றுப் பார்த்த செங்கல் வீடுகளின் பக்கவாட்டில் வந்து நிற்கிறேன். அரசனின் எதிரியைப் பிடிக்கத் திறந்த வழியின் கீழ்வாசல், துணி உலர்த்தும் முற்றத்தில் திறக்கிறது. கோட்டைக்குத் தேவையான சரக்கெல்லாம் அடிவாரத்திலிருந்து மேலே போன வழி என்பார்கள் இதை. அப்படியானால் மார்ட்டிமருக்காக ஒருமுறை ஏறியவர்களைவிட, மேலே இருந்தவர்களின் தாகத்துக்காகத் தினம் ஏறியவர்கள் பல மடங்கு இருந்திருப்பார்கள். பொந்துக்கு மார்ட்டிமர் பெயரை வைத்துவிட்டார்கள். பீப்பாய் தூக்கியவன் பெயர் யாருக்குத் தெரியும்.

முதிய காவலர் இன்றும் அதே நாற்காலியில். “மேலே என்ன இருக்கிறது, வாத்தே?” என்றார். “ஒன்றுமில்லை” என்றேன். மிகவும் திருப்தியடைந்தார்.

இரவு தோழர் வீட்டில் பெய்ஜிங் ஒலிம்பிக் நிறைவு விழா பற்றியே பேச்சு. இந்த முறை சைக்கிள் பந்தயத்தில் பிரிட்டனுக்கு எட்டுத் தங்கம். கிறிஸ் ஹாய் ஒருவருக்கே மூன்று. தோழரின் மனைவி வைத்த வத்தக்குழம்புக்கு நான் ஒரு தங்கம் கொடுத்தேன்.


ஆகஸ்ட் 25, திங்கள்

வங்கி விடுமுறை நாள். அதனால் மழை. இந்த நாட்டில் இரண்டும் சேர்ந்துதான் வரும் என்று தோழர் சொல்கிறார்.

நகரின் நடுவில் பிராட்மார்ஷ் என்று ஒரு பெரிய வணிக வளாகம். துணிக்கடை, செருப்புக்கடைகளுக்கு நடுவே மாடியில் டிக்கெட் கொடுக்கிறார்கள். தலையில் பாதுகாப்புத் தொப்பி மாட்டிக்கொண்டு இறங்கினால், அடியில் குகைகள். இந்த வளாகம் கட்டுவதற்காக 1960-களின் கடைசியில் ட்ரூரி ஹில் என்ற இடைக்காலத் தெருவையே இடித்திருக்கிறார்கள். தெரு போனது, அதன் அடித்தளங்களின் குகைகள் மட்டும் பிழைத்தன. மேலே கட்டியதெல்லாம் போய், கீழே தோண்டியது மிஞ்சுகிற ஊர்.

உள்ளே ஒரு தோல் பதனிடும் கூடம் இருக்கிறது. 1500-களைச் சேர்ந்தது. பிரிட்டனில் நிலத்துக்கடியில் அமைந்த தோல் பதனிடும் கூடம் இது ஒன்றுதான் தெரிந்திருக்கிறது. தரையில் வட்டமும் சதுரமுமாகத் தொட்டிகள். தொட்டிகள் சிறியவை என்பதால் ஆட்டுத்தோல்தான் பதப்படுத்தியிருப்பார்கள் என்று கணிக்கிறார்கள். ஓக் மரப்பட்டை, மனிதச் சிறுநீர், நாய்ப்பீ. வழிகாட்டி சொல்லச் சொல்ல, சிறுமி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். ஐந்நூறு ஆண்டாக வாடை போகாமலா இருக்கும் என்று கேட்டால், “நினைத்தாலே வருகிறது, மாமா.” கழிவு போய்ச் சேர்ந்தது லீன் ஆற்றில். அதே லீன்.

அங்கிருந்து சரிவில் இறங்கினால் நேரோ மார்ஷ். 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். குகைகளும் நிலவறைகளும் வாடகைக்கு விடப்பட்டன. 1845-இல் வந்த சட்டம்தான் அப்படிக் குடிவைப்பதைத் தடுத்தது. நேற்று முன்தினம் குகையறையின் குளிர்ச்சியை நான் ரசித்து ரசித்து எழுதியிருக்கிறேன். ஒரு மணி நேரம் டிக்கெட் வாங்கி நின்றவனின் ரசனை அது. வெளிச்சமும் காற்றும் இல்லாமல், ஈரம் கசியும் சுவரோரம் பிள்ளையைப் படுக்க வைத்த தாய்க்கு 14 பாகை என்பது வேறு கணக்கு. ப்ரூஹவுஸ் யார்டில் செங்கல் முன்னால் இருந்தது. அதுதான் வித்தியாசம். முன்னால் ஓர் அறையும் ஜன்னலும் இருப்பவனுக்குத்தான் பின்னால் குகை சௌகரியம்.

மாலை ரயில். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. தோழர் காரில் அழைத்துப்போய்விட்டார். ராலி தொழிற்சாலை.

இல்லை. முன்பே தெரியும்தான். சில ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். 1885-இல் ராலி தெருவில் ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம், உலகத்துக்கே சைக்கிள் அனுப்பிய இடத்தின் ஒரு பகுதியில் இப்போது பல்கலைக்கழக வளாகம். மரப்பலகை போர்த்திய கட்டடங்கள், ஏரி போல நீண்ட குளம், அறுபது மீட்டர் உயரத்துக்குச் சிவப்பும் ஆரஞ்சுமாக ஓர் உலோகக் கோபுரச் சிற்பம், இந்த ஆண்டுதான் நிறுத்தியிருக்கிறார்கள். குளத்தில் வாத்துகள். உண்மையான வாத்துகள். தாத்தாவின் சைக்கிளுக்குக் குழாய் வளைத்த இடம் எதுவென்று யாரிடம் கேட்பது? மழையில் ஒரு காவலாளியைத் தவிர யாரும் இல்லை.

காலிங் கார்டில் அப்பாவைக் கூப்பிட்டேன். ஊரில் விளக்கு வைக்கும் நேரம்.

“தொழிற்சாலையைப் பார்த்தாயா?”

“இடித்துவிட்டார்கள் அப்பா. கல்லூரி வந்துவிட்டது.”

சற்று நேரம் சத்தமில்லை. பின்னால் மாடு கத்துவது கேட்டது.

“சரி, படிக்கிற பிள்ளைகள் சைக்கிளில்தானே வரும்? நிற்கிறதா?”

நிறுத்துமிடத்தில் நாலைந்து நின்றன. குடையில்லாமல் போய் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். ஒன்றிலும் நாரை இல்லை.

“இரண்டு ராலி நிற்கிறது அப்பா” என்றேன்.

“டைனமோ இருக்கிறதா பார்” என்றார்.